சதுர அடி எண்ணாத ஆட்கள்: செம்பாக்கத்துக் கலப்புக் கட்டடங்களின் ஆள்சுமைக் கணக்கு

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், காமராஜபுரம் என்று எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஒரே வகைக் கட்டடம் கண்ணில் படும். கீழே மருந்துக்கடை, பேக்கரி, சூப்பர் மார்க்கெட். முதல் மாடியில் வங்கிக் கிளை அல்லது நீட் பயிற்சி வகுப்பு. அதற்கு மேல் ஜிம், பியூட்டி பார்லர், பக்கத்திலேயே ஒரு குடும்பம். மொட்டை மாடியில் ஷீட் கூரை போட்டு, பிறந்தநாளுக்கும் வளைகாப்புக்கும் வாடகைக்கு விடும் சிறு கூடம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டு.

செம்பாக்கம் முதலில் பேரூராட்சியாக இருந்தது, பிறகு நகராட்சி ஆனது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதன் மண்டலங்களில் ஒன்றாயிற்று. ஊரின் நிர்வாகப் பெயர் மாறிய வேகத்தைவிடக் கட்டடங்களின் உள்ளடக்கம் வேகமாக மாறியது. வீடாகக் கட்டியது கடையாயிற்று, கடை வகுப்பறையாயிற்று, வகுப்பறை கிளினிக் ஆயிற்று. சுவர்களும் படிக்கட்டும் மட்டும் முதலில் இருந்தபடியே இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஒரு கட்டடத்துக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கக்கூடும்? அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வெளியேற வேண்டி வந்தால் வழி போதுமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லத்தான் கட்டட விதிகள் ‘ஆள்சுமை’ என்ற கணக்கைப் போடுகின்றன. கதவின் அகலம், படிக்கட்டுகளின் எண்ணிக்கை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இந்த ஓர் எண்ணிலிருந்தே பிறக்கின்றன. ஆனால் இந்த எண் கட்டடத்தின் அளவை மட்டும் பொறுத்ததில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பொறுத்தது. நம்முடைய அனுமதி முறையோ அளவைக் கவனமாக அளக்கிறது; உள்ளே நடப்பதை முதல் நாள் மட்டும் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறது. புறநகர்க் கட்டடங்களின் ஆபத்து இந்த மறதியில்தான் இருக்கிறது.

கணக்கின் இலக்கணம்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதலில் 1970இல் வந்தது. 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இதன் நான்காம் பகுதி தீப் பாதுகாப்பைப் பற்றியது. அதில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஓர் அலகு தரப்பட்டிருக்கிறது: ஒரு ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர். தளப்பரப்பை அந்த அலகால் வகுத்தால் ஆள்சுமை கிடைக்கும்.

குடியிருப்புக்கு ஒரு ஆளுக்கு 12.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 135 சதுர அடி. அலுவலகத்துக்கு 10. கல்விக்கூடத்துக்கு 4. கடையென்றால் தெருத் தளத்துக்கு 3, மாடித் தளங்களுக்கு 6; மாடியேறி வாங்க வருபவர்கள் குறைவு என்ற அனுபவம் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. கிடங்குக்கு 30. மக்கள் கூடும் இடங்களுக்கு வரும்போது எண் சட்டென்று சுருங்குகிறது. ஜிம், கண்காட்சிக் கூடம் போன்றவற்றுக்கு 1.4 சதுர மீட்டர். நெருக்கமாக நாற்காலி போடும் கூடத்துக்கு 0.65 சதுர மீட்டர். பின்னது வெறும் 7 சதுர அடி. ஒரே பரப்பில் குடியிருப்பவர்களைப் போல ஏறத்தாழ 19 மடங்கு ஆட்கள் கூட்டத்துக்கு வந்து அமரலாம் என்று இந்த அட்டவணை சொல்கிறது.

பயன்பாடுகள் கலக்கும்போது மூன்று விதிகள் கூடுதலாக வேலை செய்கின்றன. முதலாவது, ஒவ்வொரு பகுதியையும் அதனதன் அலகால் தனித்தனியே வகுத்துக் கூட்ட வேண்டும். கட்டடம் முழுவதற்கும் ஒரே அலகைப் போடக்கூடாது. இரண்டாவது, உண்மையில் வரும் கூட்டம் அட்டவணை தரும் எண்ணைவிட அதிகமென்றால் அதிகமானதையே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஆபத்தான பயன்பாட்டைத் தீயைப் பல மணி நேரம் தாங்கும் சுவரால் பிரிக்காதவரை, கட்டடம் முழுவதும் ஆபத்து அதிகமுள்ள பயன்பாட்டின் விதிக்கே கட்டுப்பட வேண்டும். இவற்றோடு, நம் கடைத்தெருக்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு குறிப்பும் உண்டு: இடைத்தளத்தில் இருப்பவர்கள் கீழ்த்தளம் வழியாகத்தான் வெளியேற முடியும் என்றால், அவர்களையும் கீழ்த்தளக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜவுளிக்கடைகளில் பாதி உயரத்தில் பலகை போட்டு எழுப்பிய தளங்களை எத்தனை பேர் இப்படிச் சேர்த்திருப்பார்கள்?

ஆள்சுமை கிடைத்ததும் அகலத்துக்கு வருகிறார்கள். 2016 தொகுப்பின்படி பொதுவான பயன்பாடுகளில் படிக்கட்டுக்கு ஒரு ஆளுக்கு 10 மில்லிமீட்டர். கதவு, நடைவழி போன்ற சமதள வழிகளுக்கு 6.5 மில்லிமீட்டர். நோயாளிகள் இருக்கும் இடங்களுக்கும் அபாயப் பொருள்கள் இருக்கும் இடங்களுக்கும் இதைவிட அதிக அகலம் கேட்கிறார்கள். பழைய 2005 தொகுப்பு 50 சென்டிமீட்டரை ஓர் அலகாக வைத்து, அலகுக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டது. முறை மாறினாலும் தர்க்கம் ஒன்றுதான்.

எண்கள் வந்த வழி

இந்த அலகுகள் நம் ஊர்க் கூட்டத்தை எண்ணிப் பார்த்து எழுதியவையா? அட்டவணையை அமெரிக்க விதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை பளிச்சென்று தெரிகிறது. அங்கே நெருக்கமான நாற்காலிக் கூடத்துக்கு 7 சதுர அடி, தளர்வான கூடத்துக்கு 15 சதுர அடி. நம்முடைய 0.65, 1.4 சதுர மீட்டர்களும் அவையேதான். அங்கே தெருத்தளக் கடைக்கு 30 சதுர அடி, மாடிக் கடைக்கு 60, கிடங்குக்கு 300. நம்முடைய 3, 6, 30 சதுர மீட்டர்கள் இவற்றுக்கு நெருங்கிய முழு எண்கள். குடியிருப்பில் வேறுபாடு உண்டு. அங்கே ஒரு ஆளுக்கு 200 சதுர அடி, இங்கே 135. இந்திய வீட்டில் ஆட்கள் அதிகம் என்பதை மட்டும் அட்டவணை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆடித் தள்ளுபடியில் தியாகராய நகர்க் கடைக்குள் ஒரு ஆளுக்கு 3 சதுர மீட்டர் கிடைக்குமா என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

அந்த எண்களும் சும்மா வந்தவை அல்ல. 1911இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 தொழிலாளர்கள் இறந்தார்கள்; பூட்டிய கதவு அதில் பெரும் பங்கு வகித்தது. அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியேறும் வழிகளுக்கென்று தனி விதி எழுதத் தொடங்கியது அதன் பிறகுதான். 1942இல் பாஸ்டனின் கோகனட் குரோவ் விடுதித் தீயில் 492 பேர் இறந்தார்கள். அந்த விடுதி சுமார் 460 பேருக்குத்தான் உரியது. அன்றிரவு உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 1,000. முன்வாசலின் சுழல்கதவு கூட்டத்தின் நெருக்கத்தில் சிக்கி நின்றுவிட்டது.

வெளியேறும் நேரத்துக்கான அளவுகோலும் 1911இல் பிறந்தது என்பார்கள். எடின்பரோவின் எம்பயர் பேலஸ் அரங்கில் மாயவித்தைக்காரர் லஃபாயெட்டின் மேடை தீப்பற்றியபோது சுமார் 3,000 பார்வையாளர்கள் இரண்டரை நிமிடத்தில் வெளியேறிவிட்டார்கள். மேடையில் இருந்தவர்கள்தான் இறந்தார்கள். அந்த இரண்டரை நிமிடம் பிரிட்டிஷ் வடிவமைப்பில் நெடுங்காலம் இலக்காக இருந்தது.

பயன்பாடு மாறும்போது அலகையும் மாற்றும் வழக்கம் அமெரிக்காவில் இன்னும் தொடர்கிறது. சர்வதேசக் கட்டட விதியின் 2018 பதிப்பு அலுவலகத்துக்கான அலகை ஒரு ஆளுக்கு 100 சதுர அடியிலிருந்து 150ஆக உயர்த்தியது. கூடவே கால்சென்டர் போல நெருக்கமாக ஆட்கள் அமரும் அலுவலகங்களைத் தனியாகப் பிரித்து, அங்கே ஒரு ஆளுக்கு 50 சதுர அடி வரை கணக்கிடச் சொன்னது. ‘அலுவலகம்’ என்ற ஒரே பெயருக்குள் மூன்று மடங்கு வேறுபாடு இருப்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரே கட்டடம், இரண்டு கணக்கு

செம்பாக்கத்தில் சாலையோரம் ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்வோம். ஒவ்வொரு தளமும் 300 சதுர மீட்டர், அதாவது சுமார் 3,230 சதுர அடி. தரைத்தளமும் இரண்டு மாடிகளும். 1.2 மீட்டர் அகலத்தில் ஒரே படிக்கட்டு.

அனுமதி வாங்கியபோது வரைபடத்தில் இருந்தது இது: தரைத்தளம் கடைகள், 300ஐ 3ஆல் வகுத்தால் 100 பேர். முதல் மாடி அலுவலகம், 300ஐ 10ஆல் வகுத்தால் 30 பேர். இரண்டாம் மாடி வீடுகள், 12.5ஆல் வகுத்தால் 24 பேர். மொத்தம் 154. படிக்கட்டை நம்பியிருப்பவர்கள் 54 பேர் மட்டுமே. ஒரு ஆளுக்கு 10 மில்லிமீட்டர் என்றால் 1.2 மீட்டர் படிக்கட்டு 120 பேரைத் தாங்கும். கணக்கு தாராளமாகச் சரி.

சில ஆண்டுகளில் வாடகைதாரர்கள் மாறுகிறார்கள். முதல் மாடிக்குப் பயிற்சி வகுப்பு வருகிறது. கல்விக்கூட அலகில் பார்த்தால் 300ஐ 4ஆல் வகுக்க 75 பேர்தான். ஆனால் நான்கு அறைகளில் அறைக்கு 40 மாணவர்கள் என்று மாலை வகுப்பு நடந்தால் 160 பேர். அதிகமானதையே எடுக்க வேண்டும் என்பதால் 160. இரண்டாம் மாடியில் பாதி ஜிம்மாகிறது: 150 சதுர மீட்டரை 1.4ஆல் வகுத்தால் 107. மறுபாதியில் வீடு: 12 பேர். மொட்டை மாடியில் 100 சதுர மீட்டர் ஷீட் கூடம். நாற்காலி வரிசை போட்டு நிகழ்ச்சி நடந்தால் 0.65ஆல் வகுக்க 154 பேர். முன்பு முழுக் கட்டடத்துக்கும் வந்த எண்ணிக்கையை இப்போது மொட்டை மாடி மட்டுமே எட்டிவிடுகிறது. புதிய மொத்தம் 533. படிக்கட்டை நம்பியிருப்பவர்கள் 433.

ஒவ்வொரு தளத்தின் ஆட்களும் அடுத்தடுத்துப் படிக்கட்டுக்கு வருவதால், வழக்கமாக ஆட்கள் அதிகமுள்ள தளத்தை வைத்தே படிக்கட்டின் அகலத்தை முடிவு செய்கிறார்கள். அந்தச் சலுகையைக் கொடுத்தாலும் முதல் மாடியின் 160 பேருக்கு 1.6 மீட்டர் தேவை. இருப்பதோ 1.2.

நேரத்தில் சொன்னால் இன்னும் தெளிவாகும். படியிறங்கும் கூட்டம் இரு பக்கச் சுவரையும் சற்று விட்டே நடக்கும், 1.2 மீட்டரில் பயன்படுவது சுமார் 0.9 மீட்டர். நெருக்கமாக இறங்கும்போது ஒரு மீட்டர் அகலத்தில் வினாடிக்கு ஏறத்தாழ ஒருவர் கடக்கலாம் என்பது ஆய்வுகள் தரும் பொது அளவு. அப்படியென்றால் 54 பேர் கடக்க ஒரு நிமிடம். 433 பேர் கடக்க எட்டு நிமிடம். எடின்பரோ அளவுகோலின் இரண்டரை நிமிடத்தில் இந்தப் படிக்கட்டு கடத்துவது 135 பேரை மட்டுமே. ஆளுக்கு 10 மில்லிமீட்டர் விதி தந்த 120க்கு இது பக்கத்தில் வருவது தற்செயல் இல்லை. இரண்டும் கூட்டத்தின் ஓட்டத்தைப் பார்த்து வந்த கணக்குகள்.

இது படிக்கட்டு முழுதாகத் திறந்திருந்தால். தென்சென்னைப் புறநகரில் அப்படித் திறந்திருக்கும் படிக்கட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். படிக்கட்டின் அடியில் ஈ.பி. மீட்டர் பலகைகள் வரிசையாக இருக்கும். அதன் கீழே இரண்டு மூன்று ஸ்கூட்டர்கள், அவற்றில் ஒன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். முதல் திருப்பத்தில் செருப்புகளும் காலி தண்ணீர் கேன்களும். வாசலில் மடக்கு கிரில் கேட். ஒரு பக்கம் மட்டும் திறந்து, மறுபக்கத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார்கள். திறந்த பக்கம் 75 சென்டிமீட்டர் என்றால், சமதள வழிக்கான 6.5 மில்லிமீட்டர் கணக்கில் அது 115 பேருக்குத்தான் போதும். படிக்கட்டை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும், வழியில் மிகக் குறுகிய இடம் எதுவோ அதுதான் வெளியேறும் வேகத்தைத் தீர்மானிக்கும். தீ பல நேரங்களில் மின்சாரத்தில் தொடங்குகிறது. அந்த மின்சாரத்தின் தலைமை இடத்தை வெளியேறும் ஒரே வழியின் காலடியில் வைத்திருக்கிறோம்.

முகூர்த்தமும் பந்தியும்

கலப்புப் பயன்பாட்டின் மிக நுட்பமான சிக்கல் கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. மண்டபத்தில் மேடைக் கூடம் ஒன்று, சாப்பாட்டுக் கூடம் ஒன்று. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களும் மேடைக்கு முன் உட்கார்ந்திருந்தவர்களே. இரண்டு கூடங்களின் ஆள்சுமையையும் கூட்டினால் ஒரே ஆளை இருமுறை எண்ணியதாகும்; கூட்டாவிட்டால் ஏதோ ஒரு கூடத்தைக் குறைத்து மதிப்பிடுவோம்.

விடை, கணக்கை இரண்டு அடுக்காகப் பிரிப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு கூடத்தின் கதவுகளும் அந்தக் கூடம் நிறைந்திருக்கும் வேளைக்குப் போதுமானவையாக இருக்க வேண்டும். ஏனெனில் ஒன்பது மணி முகூர்த்தத்தில் எல்லோரும் மேடைக் கூடத்தில் இருப்பார்கள். பத்தரைக்குப் பெரும்பாலோர் பந்தியில் இருப்பார்கள். இரு கூடங்களுக்கும் பொதுவான படிக்கட்டையும் வெளிவாசலையும் மட்டும், ஒரே நேரத்தில் உண்மையில் இருக்கக்கூடிய மொத்தத்துக்கு அளவெடுக்கலாம்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு அட்டவணை தரும் எண்ணையும் நம் வழக்கம் தாண்டிவிடும். 210 சதுர மீட்டர் கூடத்தை 1.4ஆல் வகுத்தால் 150 பேர். வரவேற்பு நாளில் இரவு எட்டரை மணிக்குப் பந்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாப்பிடுபவர் ரசத்துக்கு வந்ததுமே அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் கையை வைத்து நின்றுவிடுவார். 150 இலை என்றால் இன்னொரு பங்குக் கூட்டம் வரிசைகளுக்கு நடுவில், அதாவது வெளியேறும் வழியில், நின்றுகொண்டிருக்கும். அமெரிக்க உணவகத்தில் வாசலில் காத்திருக்கும் வாடிக்கையாளர் இங்கே நாற்காலியின் முதுகில் காத்திருக்கிறார். உண்மையில் வரும் கூட்டத்தை எடுத்துக்கொள் என்ற விதி இருப்பதே இதற்காகத்தான். அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் வரைபடம் போடுகிறவர் ஒருமுறையாவது பந்திக்குப் போயிருக்க வேண்டும்.

நான்கு சாட்சிகள்

2004ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கை இரண்டு முறை கற்பித்தது. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபமொன்றில் கீற்றுக் கூரை பற்றியெரிந்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கட்டடம் தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். கும்பகோணத்தில் கவனிக்க வேண்டியது, அந்த ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன என்பது. சத்துணவுச் சமையலறையும் அங்கேயே இருந்தது; தீ அங்கிருந்துதான் கிளம்பியது. மூன்று பள்ளிகளின் பிள்ளைகளையும் ஒரு சமையலறையையும் சேர்த்து ஒரே கட்டடமாகக் கணக்கிட்டிருந்தால், அங்கிருந்த குறுகிய படிக்கட்டு எந்தத் தாளிலும் தேறியிருக்காது. அதைத் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல், பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் தீப் பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது.

தில்லியின் உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். தீ கீழே வாகன நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றியில் தொடங்கியது. இறந்தவர்கள் மேலே பால்கனியில் மூச்சுத்திணறி இறந்தார்கள். பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டதில் ஒரு பக்க நடைவழி அடைபட்டிருந்தது. ஆள்சுமை ஏறியபோது வழி குறைந்தது. இரண்டும் ஒரே செயலால் நடந்தன. கலப்புக் கட்டடத்தில் ஆபத்து தொடங்கும் இடமும் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் வேறு வேறாக இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

சூரத்தின் தட்சசீலா வணிக வளாகத்தில் 2019 மே 24 அன்று 22 மாணவர்கள் இறந்தார்கள். கீழே கடைகள், உச்சியில் பயிற்சி வகுப்பு. மேல்தளத்துக்குப் போகும் மரப்படிக்கட்டு எரிந்துவிட, பிள்ளைகள் மாடியிலிருந்து குதித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. செம்பாக்கம் சாலையில் நாம் கற்பனை செய்த கட்டடத்தின் அடுக்கு முறை ஏறத்தாழ அதேதான்.

வலையின் கண்

விதிகள் இல்லாத குறையால் இது நடப்பதில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியில் வந்தன. அதுவரை சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் தனித்தனியே இருந்த விதிகளை அவை ஒன்றாக்கின. அவற்றின்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயரடுக்குக் கட்டடம்; தீயணைப்புத் துறையின் பரிசீலனை, இரண்டாவது படிக்கட்டு, சுற்றிலும் தீயணைப்பு வண்டி போகும் இடம் என்று கேள்விகள் தொடங்கும். அதற்குக் கீழே தளப்பரப்புக் குறியீடு 2, சாலை அகலம், பக்க இடைவெளி, கார் நிறுத்தும் இடம் ஆகியவையே முதன்மைக் கேள்விகள். காரைக்கூடச் சதுர மீட்டரிலிருந்து கணக்கிட்டு எண்ணுகிறோம்.

தேசியத் தொகுப்பும் எல்லைக்கோட்டைப் பெரும்பாலும் பரப்பிலும் உயரத்திலும்தான் போடுகிறது. 2005 பதிப்பு, 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடங்களுக்கும், கல்வி, மக்கள் கூடுதல் முதலிய பயன்பாடுகளோ அவை கலந்த பயன்பாடோ கொண்டு ஒவ்வொரு தளமும் 500 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் கட்டடங்களுக்கும், குறைந்தது இரண்டு படிக்கட்டு கேட்டது. 2016 பதிப்பு சிறப்புக் கவனம் வேண்டிய கட்டடங்களைப் பட்டியலிடும்போதும் 500 சதுர மீட்டர் தளம், 9 மீட்டருக்கு மேற்பட்ட கல்விக் கட்டடம், துணைப் பயன்பாடாக மக்கள் கூடும் 300 சதுர மீட்டர் இடம் என்ற அளவுகள் வருகின்றன. நம் கட்டடத்தின் தளம் 300 சதுர மீட்டர்தான். பயிற்சி வகுப்பு முதல் மாடியில்தான். ஷீட் கூடம் 100 சதுர மீட்டர்தான். 533 பேர் இருக்கும் கட்டடம் இந்த வலையின் கண்களில் நழுவிவிடுகிறது; வெறிச்சோடிய பெரிய கிடங்கு மாட்டிக்கொள்கிறது.

இதற்கு மேல் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. தேசியத் தொகுப்பு தானாகவே சட்டமாகிவிடாது. அது ஒரு மாதிரி ஆவணம். மாநில விதிகள் எடுத்தாளும் இடத்தில்தான் அதற்கு நேரடி வலு வருகிறது. நடுத்தரக் கட்டடத்தைக் கட்டுபவர் ஆள்சுமைக் கணக்கைப் போட வேண்டிய கட்டாயமே பல நேரங்களில் எழுவதில்லை.

பொறியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வரைபடம் அனுமதி பெறும் நாளில் அது சரியாகவே இருக்கிறது. பணி நிறைவுச் சான்று வாங்கி மின் இணைப்பு பெறும் நாளிலும் சரியாக இருக்கிறது. தவறு பிறகு, ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்தோடும், யாரும் செங்கல்லைத் தொடாமலே நுழைகிறது. சட்டம் விதிமீறலைப் பெரும்பாலும் கூடுதல் தளமாக, குறைந்த இடைவெளியாகத்தான் பார்க்கிறது. தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் 2011 அக்டோபர் இறுதியில் கட்டடங்களுக்குச் சீல் வைத்தபோதும் முன்னால் நின்றவை கட்டுமான மீறல்களே. ஒரு செங்கல்கூடக் கூட்டாமல் ஆள்சுமையை மூன்று மடங்காக்கிய கட்டடத்தைச் சீல் வைப்பவர் எந்த நாடாவால் அளப்பார்?

தெரிந்த மூன்று மேசைகள்

பயன்பாடு மாறியது அரசுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. வீடு கடையானால் மின்வாரியம் வீட்டுக் கட்டண வகையிலிருந்து வணிக வகைக்கு மாற்றுகிறது. மாற்றாமல் விட்டது தெரிந்தால் அபராதம் போடுகிறது. மாநகராட்சி சொத்து வரியை வணிக வீதத்துக்கு உயர்த்துகிறது. அதே மாநகராட்சி, ஜிம்முக்கும் உணவகத்துக்கும் தொழில் உரிமம் தருகிறது, காலாகாலத்தில் புதுப்பிக்கிறது. மூன்று மேசைகளில் மூன்று கோப்புகள் நகர்கின்றன. மூன்றும் பணக் கணக்கை மாற்றுகின்றன. படிக்கட்டு எத்தனை பேரைத் தாங்கும் என்ற வரி மட்டும் எந்தப் படிவத்திலும் இல்லை.

ஆள்சுமை தீயோடு முடிவதுமில்லை. தொகுப்பின் தண்ணீர்க் கணக்கு குடியிருப்பவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அலுவலகத்துக்கும் பகல்நேரப் பள்ளிக்கும் ஆளுக்கு 45 லிட்டர். நம் எடுத்துக்காட்டின் இரண்டு மாடிகளுக்கும் முதலில் தேவைப்பட்டது 4,590 லிட்டர். பயிற்சி வகுப்புக்கும் மிஞ்சிய வீட்டுக்கும் மட்டுமே இப்போது 8,820 லிட்டர். ஜிம்மையும் விழாக்கூடத்தையும் இன்னும் சேர்க்கவில்லை. சம்ப்பும் செப்டிக் டேங்கும் பழைய அளவிலேயே இருக்கின்றன. லாரித் தண்ணீர் கூடுதலாக வருகிறது; உள்ளே வந்த தண்ணீர் கழிவாக வெளியே போயாக வேண்டும். சுற்றுப்புறக் கழிவுநீர் செம்பாக்கம் ஏரியில் கலப்பது பற்றிய நெடுநாள் புகார்களில், கணக்கில் வராத இந்த ஆட்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

செய்ய வேண்டியது புதுச் சட்டத்தைவிட எளிது. தொழில் உரிமம் கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் ஒரே பக்கத்தில் ஒரு படிவம்: தளத்தின் பரப்பு, பயன்பாடு, அதற்கான அலகு, வரும் ஆள்சுமை, உண்மையில் எதிர்பார்க்கும் ஆட்கள், படிக்கட்டின் அகலம், வாசலில் திறக்கும் அகலம். வகுத்தல் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். அதே கட்டடத்தின் மற்ற உரிமங்களோடு அந்த எண்ணைக் கூட்டிப் பார்ப்பது மாநகராட்சிக் கணினிக்கு ஒரு நொடி வேலை. கூட்டல் படிக்கட்டைத் தாண்டினால் மூன்று வழிகள் இருக்கின்றன: இன்னொரு படிக்கட்டு, குறைந்த ஆட்கள், அல்லது வகுப்பு மாலையிலும் விழா ஞாயிறிலும் என்று நேரத்தைப் பிரிப்பது. மூன்றாவது வழி செலவில்லாதது, அதனால்தான் மீறவும் எளிதானது. அது உரிமத்தின் நிபந்தனையாக எழுதப்பட்டால் மட்டுமே பயன் தரும். இரண்டாவது படிக்கட்டுக்கான எல்லைக்கோட்டையும் சதுர மீட்டரோடு நிறுத்தாமல் ஆள்கணக்குக்கும் மாற்ற வேண்டும்: பரப்பு எவ்வளவானாலும், ஒரு தளத்தில் இத்தனை பேருக்கு மேல் என்றால் இரண்டு வழி.

கட்டட உரிமையாளர்கள் இதை எதிர்ப்பார்கள். அவர்கள் எதிர்ப்பில் நியாயமும் உண்டு. 30 அடி அகல மனையில் இரண்டாவது படிக்கட்டுக்கு இடம் விட்டால் ஒரு கடையே போய்விடும். வங்கிக்கடனின் மாதத் தவணையை அந்தக் கடையின் வாடகைதான் கட்டுகிறது. ஆனால் அதே உரிமையாளர் பயிற்சி வகுப்புக்கு விடும்போது வீட்டு வாடகையைவிட அதிகமாகவே வாங்குகிறார். அந்தக் கூடுதல், அந்தத் தளத்தில் ஆட்கள் கூடுவதால் வருவது. ஆட்களால் வரும் வருமானத்தில் ஒரு பகுதி அந்த ஆட்கள் இறங்கும் வழிக்குச் செலவாவதே முறை.

இதற்காக அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பிள்ளையைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர் கட்டணத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் கேட்கிறார்கள். கூடவே ஒரு நாடாவை எடுத்துப் படிக்கட்டையும் வாசலில் திறந்திருக்கும் இடத்தையும் அளக்கலாம். படிக்கட்டின் மில்லிமீட்டரைப் பத்தால் வகுத்து, ஒரு மாலை வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டால் போதும். சேர்ப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.